சொக்கனோடு ஆற்றங்கரை வரை

மகள் வீட்டு நாயின் பெயர் சொக்ராத். சாக்ரடீஸைப் பிரெஞ்சுக்காரர்கள் அப்படித்தான் சொல்வார்கள். மகள் இருக்கும் பிரான்சில், வம்சப் பதிவு உள்ள நாய்களுக்குப் பெயர் தொடங்கப் பிறந்த ஆண்டுக்கு ஓர் எழுத்து உண்டு. 2021இல் பிறந்த குட்டிகளுக்கு எஸ். நம் ஊரில் நட்சத்திரப் பாதத்துக்கு எழுத்துப் பார்ப்பது மாதிரிதான். எனக்கு அந்தப் பெயர் நாக்கில் நிற்கவில்லை. வந்த அன்றே சொக்கன் ஆக்கிவிட்டேன். "சொக்கன் என்றால் மதுரையில் இருக்கும் சிவபெருமான்" என்று மருமகனிடம் விளக்கினேன். "அப்படியானால் இவனுக்குப் பதவி உயர்வுதான், அத்தை" என்றார்.

நான் புதுச்சேரிக்காரி. தபால் அலுவலகத்தில் முப்பது வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். பள்ளியில் படித்த பிரெஞ்சு கொஞ்சம் மிச்சம் இருக்கிறது. நாய் வளர்த்த அனுபவம் துளியும் கிடையாது. தெருநாய் குரைத்தால் குனிந்து கல் எடுப்பது போல் பாவனை செய்வேன், அவ்வளவுதான் எனக்கும் நாய்க்கும் இருந்த உறவு. ஜூன் இருபதாம் தேதி வாக்கில் போய் இறங்கினேன். மகளும் மருமகனும் ஆன்ஜே நகரத்தில் வேலை பார்ப்பவர்கள். காலை ஏழரைக்குக் கார் கிளம்பிவிடும். "காலையில் ஒரு சுற்று கூட்டிப் போய் வந்தால் போதும்மா" என்று சொல்லி, கழுத்துப்பட்டையோடு கயிற்றையும் என் கையில் கொடுத்துவிட்டாள்.

ஊர் சோமூருக்கும் ஆன்ஜேவுக்கும் நடுவில், லுவார் ஆற்றின் தென்கரையில் இருக்கிறது. வீடுகள் எல்லாம் தூஃபோ என்ற வெளிறிய சுண்ணாம்புக் கல். நகத்தால் கீறினால் தூள் வரும், அவ்வளவு மென்மை. கூரை கருநீலக் கற்பலகை. வீடுகளுக்குப் பின்னாலேயே குன்று. அதில் கல் வெட்டி எடுத்த குகைகள். கல் போன பிறகு அந்த இருட்டில் காளான் வளர்த்தார்கள். இப்போது பல குகைகளில் ஒயின் புட்டிகளும் பழைய சைக்கிள்களும் இருக்கின்றன.

முதல் தவற்றை வந்த இரண்டாம் நாளே செய்தேன். பயணக் களைப்பில் காலையில் தூங்கிவிட்டேன். சரி, மாலையில் போகலாம் என்று ஆறு மணிக்குக் கிளம்பினேன். எங்கள் ஊரில் மாலை ஆறு மணி என்றால் கடற்கரைச் சாலையில் வண்டிகளை நிறுத்திவிடுவார்கள், காற்று வரும், ஊரே நடக்கும். அந்தக் கணக்கில் போனேன். சர்ச் தாண்டவில்லை, சொக்கன் ஒரு லிண்டன் மரத்தடியில் படுத்துவிட்டான். இழுத்தேன். எழுந்து நாலு அடி வந்தான், மறுபடியும் படுத்தான். நாக்கு ஒரு முழம் தொங்குகிறது. எனக்கோ, புது ஆளைப் பார்த்து அடம் பிடிக்கிறான் என்று கோபம்.

பக்கத்து வீட்டுப் பெரியவர் சன்னலில் இருந்து பார்த்திருக்கிறார். எண்பதுக்கு மேல் வயது. இளமையில் காளான் குகைகளில் வேலை செய்தவர். இறங்கி வந்தார். என்னிடம் ஒன்றும் சொல்லாமல் குனிந்து, தார்ச் சாலையில் புறங்கையை வைத்தார். பிறகு என்னையும் வைக்கச் சொன்னார். ஒன்று, இரண்டு, மூன்று. அதற்கு மேல் முடியவில்லை. "நீங்கள் செருப்பு போட்டிருக்கிறீர்கள், மதாம்" என்றார்.

ஐந்து நொடி புறங்கையை வைக்க முடியாத தரையில் நாயை நடக்க விடக் கூடாது என்பது கால்நடை மருத்துவர்களும் சொல்லும் கணக்குத்தான். ஆனால் மாலை ஆறு மணிக்கு ஏன் தரை அப்படிக் கொதிக்கிறது என்பதுதான் எனக்குப் புரியவில்லை. பெரியவர் கைக்கடிகாரத்தைத் தட்டிக் காட்டி, "இது பொய் சொல்லும். இரண்டு மணி நேரம் கழித்துக்கொள்ளுங்கள்" என்றார். 1940இல் ஜெர்மன் படை பிடித்த பகுதிகளில் கடிகாரத்தைப் பெர்லின் நேரத்துக்குத் திருப்பினார்கள். அந்த ஜூன் மாதம் சோமூர் குதிரைப்படைப் பள்ளி மாணவர்கள் இதே ஆற்றுப் பாலங்களைக் காக்க நின்று சண்டையிட்டிருக்கிறார்கள். படை போய்விட்டது, நேரம் மட்டும் போகவில்லை. 1976 முதல் கோடையில் இன்னும் ஒரு மணி நேரம் முன்னால் தள்ளிவைக்கிறார்கள். ஆக, அந்த ஊரில் சூரியன் உச்சிக்கு வருவதே பகல் இரண்டு மணிக்கு. நம் ஊரில் மூன்று மணிக்கு அடிக்கும் வெயில் அங்கே ஐந்து, ஆறு மணிக்கு அடிக்கும். ஜூன் கடைசியில் இருட்டப் பத்து மணிக்கு மேல் ஆகிறது.

அன்றிலிருந்து காலை ஆறரை எங்கள் நேரம் ஆயிற்று. ஜூனில் ஆறு மணிக்குப் பொழுது விடிந்துவிடும்; ஆகஸ்ட் நடுவில் ஏழாகிவிடும், அப்போது அரையிருட்டில்தான் கிளம்புவோம். இரவு முழுவதும் ஆறிய கல், புல்லில் பனி, ஆற்றின் மேல் மெல்லிய புகை. எட்டு மணிக்குள் வீடு திரும்பிவிடுவோம். மாலை நடை என்று ஒன்று இருந்தால் அது ஒன்பதரைக்கு மேல்தான்.

கடும் வெயில் நாட்களுக்குப் பிரெஞ்சில் கானிக்யூல் என்று பெயர். வானொலியில் அந்தச் சொல் வந்தாலே ஊர் கதவுப் பலகைகளைச் சாத்திக்கொள்ளும். அதற்கு மூல அர்த்தம் குட்டி நாய். சிரியஸ் விண்மீனுக்கு ரோமானியர் வைத்த பெயர் அது. கோடை நடுவில் அது சூரியனோடு சேர்ந்து உதிப்பதால், வெயிலுக்கே அந்தப் பெயர் வந்துவிட்டது. நாம் அக்னி நட்சத்திரம் என்கிறோம், அவர்கள் குட்டி நாய் என்கிறார்கள். அந்த நாட்களில் நடையே கிடையாது. காலையில் வாசல் வரை போய்க் கடன் முடித்துவிட்டு, பகல் முழுக்க நானும் சொக்கனும் வீட்டுக்குப் பின்னால் இருக்கும் குகைக்குள் போய்விடுவோம். உள்ளே ஆண்டு முழுவதும் 12, 13 டிகிரிதான். நான் சால்வை போர்த்திக்கொண்டு மடக்கு நாற்காலியில் உட்கார்ந்து கீரை ஆய்வேன்; அவன் மண் தரையில் வயிற்றை ஒட்டிப் படுத்துக்கொள்வான். நாய்க்கு உடம்பு முழுக்க வியர்க்காது. நாக்கைத் தொங்கப் போட்டு மூச்சு வாங்கித்தான் சூட்டை வெளியேற்ற வேண்டும். அது தெரியாமல் அன்று நான் இழுத்த இழுப்பை நினைத்தால் இப்போதும் கூச்சமாக இருக்கிறது.

காலை நடையில் எதிர்ப்படும் எல்லோருக்கும் போன்ஜூர் சொல்ல வேண்டும். தெரிந்தவர், தெரியாதவர், குப்பை வண்டிக்காரர், யாராக இருந்தாலும். சொல்லாமல் போனால் திமிர் பிடித்தவள் என்று அர்த்தம். ஒரே ஆளைத் திரும்பி வரும்போது மறுபடி பார்த்தால் இன்னொரு போன்ஜூர் சொல்லக் கூடாது, அது முதல் தடவை சொன்னதை மறந்துவிட்டோம் என்று ஆகிவிடும். தலையை ஆட்டினால் போதும். ரொட்டிக்கடை வாசல் சுவரில் நாய்க்கயிறு மாட்ட ஒரு கொக்கி உண்டு. சொக்கனை அதில் மாட்டிவிட்டு உள்ளே போவேன். அவன் கண்ணாடி வழியாக என்னையே பார்ப்பான், அதாவது என் கையில் இருக்கும் ரொட்டியை. ரொட்டிக்காரம்மா முதலில் என்னிடம் அவன் நலம் கேட்பார், பிறகுதான் என் நலம். புதன்கிழமை கடை மூடல். அது சொக்கனுக்குத் தெரியாது. ஒவ்வொரு புதனும் கொக்கிக்குக் கீழே போய் நின்றுவிடுவான்.

கழிவை எடுப்பது பற்றி என் தங்கை தொலைபேசியில் கேட்டுக் கேட்டுச் சிரித்தாள். ஆமாம், பையைக் கையுறை மாதிரி மாட்டிக்கொண்டு எடுத்து, முடிச்சுப் போட்டு, குப்பைத் தொட்டி வரும் வரை கையிலேயே வைத்திருக்க வேண்டும். இரண்டு நாள் அருவருப்பாக இருந்தது. மூன்றாம் நாள் பை தீர்ந்துபோய், எதிரே ஒருவர் நின்று பார்த்துக்கொண்டிருந்தபோது, அதைவிட அவமானம் எதுவும் இல்லை என்று தெரிந்தது. இப்போதெல்லாம் எந்தச் சட்டை போட்டாலும் பாக்கெட்டில் இரண்டு சுருள் பை.

இனி ஜூலையில் நடந்தது.

குன்றின் மேல் திராட்சைத் தோட்டங்களுக்கு நடுவே ஒரு மண் பாதை போகிறது. ஓரமெல்லாம் காட்டு வாற்கோதுமைப் புல். மே மாதத்தில் பச்சையாக, பட்டுக் குஞ்சம் போல இருக்குமாம். நான் பார்த்தபோது வைக்கோல் நிறத்தில் காய்ந்து, தொட்டால் உதிர்ந்தது. சொக்கன் பிரித்தானிய ஸ்பானியல். இங்கிலாந்து இல்லை, பிரான்சின் மேற்கு மூலையில் இருக்கும் பிரித்தாஞ் பகுதி. வெள்ளையும் ஆரஞ்சுமாக, காதிலும் காலிலும் குஞ்சம் போல நீண்ட முடி. முயல் வாசனை பிடித்து அந்தப் புல்லுக்குள் புகுந்து புறப்படுவான். நானும் விடுவேன், ஓடட்டுமே, பிள்ளை.

ஒரு நாள் வீட்டுக்கு வந்ததும் முன்னங்காலை நக்க ஆரம்பித்தான். விரல் நடுவில் பார்த்தேன், கொஞ்சம் சிவந்திருந்தது. முள் குத்தியிருக்கும், தானாக வந்துவிடும் என்று, மஞ்சளைக் குழைத்துப் பற்றுப் போட்டுத் துணி சுற்றினேன். எனக்கும் என் பிள்ளைகளுக்கும் அதுதான் வைத்தியம். துணியை அவன் பத்து நிமிடத்தில் பிய்த்துவிட்டான். மறுநாளும் மஞ்சள். மூன்றாம் நாள் இரண்டு விரலுக்கு நடுவே கோலிக்குண்டு அளவு வீங்கி, சீழ் கசிந்தது. நொண்டினான். மகள் அன்று இரவு காலைத் தூக்கிப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, அதைப் பற்றி எழுத வேண்டாம்.

மருத்துவர் இளம்பெண். மேசை மேல் ஏற்றியதும் அவர் கேட்ட முதல் கேள்வி, "ஏன் இந்தக் கால் மட்டும் மஞ்சளாக இருக்கிறது?" மகள் பிரெஞ்சில் ஏதோ விளக்கினாள். அவர் சிரிக்கவில்லை, அது எனக்கு ஆறுதலாக இருந்தது. மயக்க ஊசி போட்டு, வீக்கத்தைக் கீறி, நீண்ட இடுக்கியால் துழாவினார். வெகு நேரம் துழாவினார். உள்ளே நுழைந்த இடத்தில் அது இல்லை. மேலே ஏறிப் போயிருந்தது. கடைசியில் வெளியே எடுத்துப் பஞ்சில் வைத்துக் காட்டினார். ஒரு அங்குலம் கூட இல்லை. ஒரு புல் விதை, அதன் வாலில் சுணை. கண்ணாடியைக் கழற்றிக் கிட்டத்தில் வைத்துப் பார்த்தேன். சுணை முழுக்க மயிரிழை போன்ற பற்கள், எல்லாம் ஒரே திசையில் சாய்ந்தவை. விரலால் ஒரு பக்கம் நீவினால் வழுக்குகிறது, மறுபக்கம் நீவினால் பிடிக்கிறது. முன்னால் மட்டுமே போகும், பின்னால் வராது. நாய் நடக்க நடக்க, தசை அசைய அசைய, அது உள்ளே உள்ளே போய்க்கொண்டே இருக்கும். தானாக வந்துவிடும் என்று நான் நினைத்தது தானாக வரவே முடியாதது.

எப்பியே என்று அதைச் சொல்கிறார்கள். கோடையில் மருத்துவமனைக்கு வரும் நாய்களில் இதற்காக வருபவை ஏராளம் என்றார் அவர். எங்கே பார்க்க வேண்டும் என்று என் கையைப் பிடித்து அவன் உடம்பில் வைத்துக் காட்டினார். விரல் இடுக்குகள், அடிப்பாதத்தின் மெத்தைகளுக்கு நடுவே, காது மடலின் உட்புறம், கண் ஓரம், அக்குள், வாலடி. தலையை ஒரு பக்கமாகச் சாய்த்து உதறினால் காதுக்குள் போயிருக்கிறது. நடந்துகொண்டே இருந்தவன் திடீரென்று அடுக்கடுக்காகத் தும்மினால் மூக்குக்குள் போயிருக்கிறது. கண்ணை மூடிக்கொண்டு திறக்க மாட்டேன் என்றால் இமைக்குள். இந்த மூன்றுக்கும் காத்திருக்கக் கூடாது, அன்றே வர வேண்டும். தோலில் இன்னும் வெளியே தெரிந்தால் மட்டும் நாமே இழுத்து எடுக்கலாம். ஜூன் தொடக்கத்திலேயே விரல் நடுவே இருக்கும் முடியை ஒட்ட வெட்டிவிட்டால் பாதி ஆபத்து போய்விடும்.

அதன் பிறகு நடை முடிந்ததும் பின்கட்டுப் படியில் உட்கார்ந்து ஒரு சோதனை. பெண்பிள்ளைக்குப் பேன் பார்ப்பது போலத்தான். முதலில் கையால் தடவல், பிறகு அகலப் பல் சீப்பு, கடைசியில் கால்களைத் தண்ணீரில் முக்கித் துடைப்பது. பத்து நிமிடம் ஆகும். உண்ணியும் அப்போதே மாட்டும். அதை எடுக்க மருந்துக் கடையில் சின்னப் பிளாஸ்டிக் கொக்கி விற்கிறார்கள். உண்ணியின் அடியில் சொருகித் திருக வேண்டும், இழுக்கக் கூடாது, எண்ணெய் விடக் கூடாது. ஆகஸ்டில் விரல் நடுவே ஆரஞ்சுப் பொடி தூவினது போல் இருந்தால் அது அறுவடைப் பூச்சி. நாய்க்கும் அரிக்கும், நமக்கும் அரிக்கும்.

காலில் தையல் பிரித்த பிறகு குன்றுப் பாதையை விட்டு ஆற்றங்கரைக்கு மாறினோம். புல் கிடையாது, மணல்தான், பிரச்சினை இல்லை என்று நினைத்தேன். லுவார் ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் ஓடும் ஆறு, ஆனால் ஆகஸ்டில் பார்த்தால் காவிரியின் கோடைக்கோலம் நினைவுக்கு வரும். நடுவில் வெள்ளை மணல் திட்டுகள், அவற்றின் மேல் ஆலாக்கள். கோடையின் முன்பாதியில் அவை திட்டு மணலிலேயே முட்டையிட்டுக் குஞ்சு பொரிக்கும் என்பதால் நாய் அந்தப் பக்கம் போகக் கூடாது. சைக்கிள் பயணிகள் வேறு ஆற்றோரப் பாதையில் சத்தமில்லாமல் வருவார்கள். கயிற்றைச் சுருக்கிப் பிடித்து, நாயை ஓரமாக வைத்துக்கொள்ள வேண்டும். இதெல்லாம் எனக்குத் தெரிந்துவிட்டிருந்தது. பெரிய ஆள் ஆகிவிட்டேன் என்ற நினைப்பு.

ஒரு காலை சொக்கன் தண்ணீர் ஓரத்தில் ஏதோ கறுப்பாகக் கிடந்ததை மோந்தான். காய்ந்த பாய்த்துண்டு மாதிரி, பாதி மணலில், பாதி நீரில். வாயைத் திறந்தான். பின்னால் இருந்து ஒரு கத்தல். பெரியவரும் அவருடைய கிழட்டுக் கறுப்பு நாயும் மேட்டில் நிற்கிறார்கள். அந்த மனிதர் அவ்வளவு உரக்கக் கத்துவார் என்று நான் நினைத்ததே இல்லை. கயிற்றைச் சுண்டி இழுத்தேன்.

பாசி மாதிரி தெரியும், ஆனால் அது ஒரு வகை பாக்டீரியா. வெயிலில் ஆறு வற்றி நீர் சூடேறும்போது அடிக்கற்களில் படலமாக வளர்ந்து, பிய்ந்து மிதந்து, கரையில் ஒதுங்கும். அதன் மண்வாடை நாய்க்குப் பிடிக்கும். சில வகைகளில் நரம்பைத் தாக்கும் நஞ்சு உண்டு. தின்ற நாய் சில நிமிடங்களிலேயே எச்சில் ஒழுக, தள்ளாடி, நடுங்கி விழும். 2017 கோடையில் இந்தப் பக்கத்து லுவார் கரைகளில் நாய்கள் அப்படி இறந்தன. ஊராட்சி அலுவலகப் பலகையில் ஒவ்வொரு கோடையும் எச்சரிக்கை ஒட்டுகிறார்கள். அந்தப் பலகையை நான் தினமும் கடந்துதான் போகிறேன். கல்யாண அறிவிப்பும் சந்தை நாளும் மட்டும்தான் படித்திருக்கிறேன்.

சொக்கன் வாயில் எதுவும் போகவில்லை. ஆனாலும் அன்று முழுக்க அவனையே பார்த்துக்கொண்டிருந்தேன். மருத்துவர் எண்ணும், ஞாயிற்றுக்கிழமை அவசர எண்ணும் அன்றுதான் என் கைபேசியில் ஏறின. அவர்கள் பன்னிரண்டிலிருந்து இரண்டு வரை சாப்பாட்டுக்கு மூடுவார்கள், அதையும் குறித்துக்கொண்டேன். இப்போது என் தோள்பையில் ஒரு புட்டித் தண்ணீரும் மடக்குக் கிண்ணமும் உண்டு. ஆற்றுத் தண்ணீரில் வாய் வைக்க விடுவதில்லை. நாய் ஆற்றில் இறங்கிவிட்டால் பின்னால் நாம் இறங்கக் கூடாது என்றும் பெரியவர் சொல்லியிருக்கிறார். முழங்கால் ஆழம்தான் என்று காலை வைத்தால் அடியில் மணல் நகர்ந்து பள்ளமாகிவிடும், நீந்தத் தெரிந்தவர்களே போயிருக்கிறார்கள். கரையில் நின்று கூப்பிட வேண்டும். சொக்கன் தமிழில் கூப்பிட்டால் வருகிறான். "வாடா" என்றால் வருகிறான், "ஏய்" என்றால் நிற்கிறான். மகள் பிரெஞ்சில் கூப்பிட்டால்தான் யோசிக்கிறான்.

அடுத்த வருடம் மறுபடி போனேன். பெரியவரின் கறுப்பு நாய் இல்லை. அவர் மட்டும் ஆறரைக்கு வாசலில் நிற்கிறார், கையில் கயிறு இல்லாமல். சொக்கனின் கயிற்றைச் சர்ச் வரை அவர் பிடித்து வருவது என்று பேசாமலே ஏற்பாடாகிவிட்டது. காளான் குகைகளைப் பற்றி ஏதேதோ சொல்லிக்கொண்டு வருவார், பாதி புரியும். சர்ச் தாண்டியதும் கயிற்றை என்னிடம் கொடுத்துவிட்டு, சொக்கனுக்கு மட்டும் தனியாக ஒரு போன்ஜூர் சொல்லிவிட்டுத் திரும்பிவிடுவார்.

ஜூலையில் ஒரு நாள், புல் காய்ந்துவிட்டதே என்று பயந்து, குன்றுப் பாதையில் அவனைக் கயிற்றிலேயே பிடித்து நடு வழியில் நடத்தி, ஓரத்தில் நான் நடந்தேன். வீட்டுக்கு வந்து படியில் உட்கார்ந்து விரல் இடுக்கு, காது, அக்குள் எல்லாம் பார்த்தேன். ஒன்றும் இல்லை. என் காலில்தான் ஏதோ குத்தியது. காலுறையைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்தேன். ஏழு சுணை. எல்லாம் ஒரே திசையில்.